சில்லறைக் காசிலேயே வண்டி எடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு மூட்டையைத் தூக்குங்கள்

தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பட்டா நகல், ரேஷன் கார்டு நகல் என்று நாள் முழுக்க ஒன்றும் இரண்டும் ஐந்துமாகத்தான் வரும். இப்போது பாதிப் பேர் போனில் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். ஆனாலும் பென்ஷன் மனு கொடுக்க வரும் பாட்டிகள் முந்தானை முடிச்சிலிருந்துதான் காசு எடுக்கிறார்கள். ஆறு வருடம் அந்தக் காசை எல்லாம் பழைய பெயிண்ட் வாளிகளில் போட்டு வைத்தோம். ஐந்து வாளி நிறைந்த பிறகு, “இதுலயே ஒரு ஸ்கூட்டர் எடுத்துடலாமே” என்றாள் என் மனைவி. எடுத்தோம். ஆனால் நடுவில் ஒரு ஷோரூமில் அவமானப்பட்டேன், ஒரு வங்கியில் சண்டை போட்டேன், ஒரு வாரம் கடையைச் சரியாகத் திறக்கவில்லை.

செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2022-ல் சேலத்தில் ஒரு இளைஞர் ஒரு ரூபாய் காசாகவே கொடுத்து பைக் எடுத்தார். எண்ணவே பத்து மணி நேரம் ஆனதாம். போட்டோவில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த போட்டோ எடுக்கும் நிலைக்கு வருவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே.

1. சட்டம் உங்கள் பக்கம் இல்லை

இதைத் தெரியாமல்தான் நான் முதலில் மாட்டினேன். இரண்டு மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு ஷோரூமுக்குப் போய் இறக்கினேன். மேனேஜர் முடியாது என்றார். “செல்லுற காசை வாங்க மாட்டேன்னு சொன்னா கேஸ் போடலாம் தெரியுமா?” என்று குரலை உயர்த்தினேன். அவர் நிதானமாக, “ஆயிரம் ரூபாய் வரைக்கும் சார்” என்றார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது.

2011-ம் வருட நாணயச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்வது இதுதான்: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசும் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குத்தான் சட்டப்படி செல்லும். 50 பைசா என்றால் 10 ரூபாய் வரைதான். அதற்கு மேல் காசாக வாங்குவதும் வாங்காததும் எதிரே இருப்பவர் இஷ்டம். காசு செல்லாது என்பதல்ல இதன் பொருள். லட்ச ரூபாயையும் காசாகவே வாங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் “மறுத்தால் தேசத்துரோகம்” கதையை நம்பி ஷோரூமில் வாயை விடாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் டெபாசிட் தொகையைக் காசாகவே கொட்டும் சுயேச்சைகளைப் பார்த்துவிட்டு நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது. அது அரசு அலுவலகம், உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ஷோரூம்காரருக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. நீங்கள் கேட்கப் போவது ஒரு உதவி. அதற்குரிய குரலில் கேளுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. 2017 ஏப்ரல் முதல், ஒரே கொள்முதலுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் யாரையும் விடுவதில்லை. காசும் ரொக்கம்தான். மூன்று நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே பில் என்றால் சேர்த்துத்தான் கணக்கு. அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. அதனால் கார் எடுக்கும் ஆசை இருந்தால் காசை வங்கியில் போட்டு, அங்கிருந்து கொடுப்பதுதான் வழி. ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ், ஏசி, ஜெராக்ஸ் மெஷின் அளவுக்குத்தான் மூட்டை சரிப்படும்.

2. வாளியைக் கவிழ்த்துப் பிரியுங்கள்

எண்ணுவதற்கு முன் பிரிக்க வேண்டும். நேரம் அதிகம் போவது இதில்தான். காரணம், நம் ஊரில் ஒரு ரூபாய் என்பது ஒரே காசு இல்லை. கோதுமைக் கதிர் போட்ட பழைய பெரிய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம். 2011-ல் வந்தது 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2019 வரிசையில் வந்தது 20 மில்லிமீட்டர், 3.09 கிராம். மூன்றும் செல்லும், மூன்றும் உங்கள் வாளியில் இருக்கும். இரண்டு ரூபாயில் பதினோரு பக்கம் கொண்ட பழசு, அகலமான நடுக்காலத்தது, 2011, 2019 என்று நான்கு ஜாதி. ஐந்து ரூபாயில் தடித்த வெள்ளைக் காசு 9 கிராம், அதற்குப் பின் வந்தவை 6 கிராம், 2019 வரிசை அதற்கும் கொஞ்சம் கூடுதல்.

எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் ஏமாந்தேன். 2011 வரிசை இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். அதாவது பழைய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும் அகலம் ஒன்று, எடை ஒன்று, நிறமும் ஒன்று. தராசு இதைப் பிடிக்காது. விரலும் பிடிக்காது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இரவு பதினொரு மணிக்கு டியூப் லைட்டில் அந்தக் கண்ணும் தூங்கிவிடும். எனவே 25 மில்லிமீட்டர் காசை எல்லாம் தனியாகக் குவித்து, பகலில், எண் போட்ட பக்கம் மேலே வருமாறு பரப்பி வைத்துப் பாருங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது.

தனியே எடுத்து வைக்க வேண்டியவை:

25 பைசாவும் அதற்குக் கீழானவையும். 2011 ஜூன் 30-ஓடு அவற்றின் காலம் முடிந்தது. பேத்திக்குப் பல்லாங்குழி ஆடக் கொடுக்கலாம்.

50 பைசா. இது செல்லும், ஆனால் கடையில் நீட்டினால் முறைப்பார்கள். ஷோரூமுக்குக் கொண்டு போகாதீர்கள், பேச்சு திசை மாறிவிடும்.

வெளிநாட்டுக் காசு. எங்கள் வாளியில் இலங்கைக் காசு ஆறும் துபாய் திர்ஹாம் நான்கும் இருந்தன. ஒரு திர்ஹாம் வெள்ளை நிற ஐந்து ரூபாய்க் குவியலில் கலந்துவிட்டால் லேசில் கண்டுபிடிக்க முடியாது. அகலம் கிட்டத்தட்ட அதுவேதான்.

ஓட்டை போட்டது, வெட்டுப்பட்டது, பிசின் ஒட்டியது. மெக்கானிக் பட்டறையிலிருந்து வரும் காசில் வாஷருக்காகத் துளை போட்டதுகூட இருந்தது.

பத்து ரூபாய்க் காசு தனிக்கதை. சென்னையில் சாதாரணமாகப் புழங்குகிறது, எங்கள் பக்கம் டீக்கடையில்கூட “இது செல்லாதுண்ணா” என்பார்கள். மாவட்ட ஆட்சியர்கள் அறிக்கை விட்டு அலுத்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று சொல்லிவிட்டது. கதிர்போல் விரியும் கோடு பத்து இருந்தாலும் பதினைந்து இருந்தாலும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். யாராவது சந்தேகப்பட்டால் 14440-க்கு அழைக்கச் சொல்லுங்கள், கட்டணமில்லா எண், பதிவு செய்த குரல் விளக்கம் சொல்லும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. என் மனைவி புளி போட்டுக் கழுவினாள். ஐந்து ரூபாய்ப் பித்தளைக் காசு தங்கம்போல மின்னியது. சரியாகக் காயாமல் கவரில் போட்டதில் மூன்று நாளில் கவருக்குள் வேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பத்து கவரைப் பிரித்து மறுபடி எண்ணினோம். அழுக்குக் காசு பரவாயில்லை, ஈரக் காசு கூடாது.

3. நூறு நூறாகக் கட்டுங்கள்

ஒரு கவருக்கு 100 காசு, ஒரே மதிப்பு, முடிந்தால் ஒரே வரிசை. இந்த நூறு என் கணக்கு இல்லை. நூறு காசு கொண்ட பாலிதீன் பையாக வாங்குவது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வங்கியோ கடையோ, எங்கே கொண்டு போனாலும் நூறு என்றால் பேச்சு சுலபம்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் நூறைக் கையால் இருமுறை எண்ணி, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 ஒரு ரூபாய் நூறு 309 கிராம் வரும், 2011 என்றால் 379, பழசு 485. அடுத்த கவரிலிருந்து எடை பார்த்தே நிரப்பலாம். 2019 கவரில் மூன்று கிராம் குறைந்தால் ஒரு காசு குறைவு. வரிசைகளைக் கலந்து போட்டீர்கள் என்றால் தராசு வெறும் பொம்மை. ஒரு கிலோ ஒரு ரூபாய்க் காசு என்றால் 206-ம் இருக்கலாம், 323-ம் இருக்கலாம்.

ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு: மதிப்பு, எண்ணிக்கை, எண்ணியவர் பெயரின் முதல் எழுத்து. இதை என் மச்சான் சொன்னபோது சிரித்தேன். பிறகு குறைந்த கவர்களில் பெரும்பாலானவற்றில் என் எழுத்தே இருந்தது வேறு விஷயம்.

எங்கள் கணக்கு முடிவில் இப்படி வந்தது. பத்து ரூபாய் 3,000 காசு, ஐந்து ரூபாய் 6,000, இரண்டு ரூபாய் 11,000, ஒரு ரூபாய் 16,640. மொத்தம் 36,640 காசு, 98,640 ரூபாய். ஏறத்தாழ 180 கிலோ. மூன்று பேர் ஐந்து இரவு உட்கார்ந்தோம்.

உங்கள் தொகைக்கு எவ்வளவு கனக்கும் என்று முன்பே பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை 20 ரூபாய்க் காசில் கொடுத்தால் 43 கிலோதான். பத்து ரூபாயில் 77 கிலோ. 2011 வரிசை ஒரு ரூபாயில் கொடுத்தால் 379 கிலோ. பெரிய மதிப்புக் காசு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள்.

4. வங்கி வழியை ஒருமுறை முயன்று பாருங்கள்

நேர்மையாகச் சொன்னால், வங்கியில் போட்டுவிட்டு ஸ்கேன் செய்து பணம் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். எல்லா மதிப்புக் காசையும் கவுண்டரில் வாங்க வேண்டும் என்று வங்கிக் கிளைகளுக்கு உத்தரவு உண்டு. கணக்கில் கட்ட உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஆயிரம் ரூபாய் வரம்பைக் காட்டி வங்கி உங்களைத் திருப்ப முடியாது.

நடைமுறை வேறு. நான் கணக்கு வைத்திருக்கும் கிளையில் கேஷியர் என் பையைப் பார்த்ததுமே, “வைக்க இடம் இல்லை, வேற கிளையில பாருங்க” என்றார். கொஞ்சம் சத்தம் போட்டேன், பிரயோஜனமில்லை. மறுநாள் கிளை மேலாளர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, எவ்வளவு காசு, எத்தனை கவர், எந்த நாள் வரலாம் என்று கேட்டு, நகலில் சீல் போட்டுத் தரச் சொன்னேன். சீல் கேட்டதும் குரல் மாறியது. ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் என்று வாங்கிக்கொண்டார்கள், ஆனால் வாரம் ஒருமுறைதான் வரச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் இரண்டரை மாதம். ஒரே ஒரு தவணை கட்டிவிட்டு, மீதியை ஷோரூமுக்கென்று வைத்துக்கொண்டேன். மேலே சொன்ன 98,640 அந்த மீதிதான்.

நீங்கள் போவதானால்: மாதத்தின் முதல் பத்து நாள் வேண்டாம், பென்ஷன் கூட்டம். திங்கட்கிழமை வேண்டாம். இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. இருபது தேதிக்கு மேல் ஒரு புதன் அல்லது வியாழன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். காசு எண்ண கட்டணம் பிடிப்பார்களா என்று முன்பே கேளுங்கள். பிடித்தால் அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். பான் கார்டு கையில் இருக்கட்டும். எழுத்தில் புகார் கொடுத்தும் 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் போடலாம், உதவிக்கு 14448. அந்தச் சீல் போட்ட நகல் அங்கே உதவும்.

5. காசுக்கு அடுத்த வாசல் உள்ள கடையைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

ஷோரூம் உங்கள் காசை வாங்கி என்ன செய்யும்? வங்கிக்குத்தான் கொண்டு போக வேண்டும். அங்கே நீங்கள் பட்ட பாட்டையே அவரும் படுவார், கூடவே நடப்புக் கணக்கில் ரொக்கம் கையாளும் கட்டணமும் பிடிப்பார்கள். அதனால்தான் மறுக்கிறார்கள், திமிரால் அல்ல. ஆனால் அதே முதலாளிக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டோ, பெட்ரோல் பங்க்கோ, ஓட்டலோ, பஸ்ஸோ இருந்தால் கதை வேறு. அவர் தினமும் சில்லறைக்கு அலைகிறவர். உங்கள் மூட்டை அவருக்குச் சுமை இல்லை, சரக்கு.

விசாரித்ததில், பக்கத்து டவுனில் ஒரு ஸ்கூட்டர் டீலரின் தம்பி மளிகை சூப்பர் மார்க்கெட் நடத்துகிறார் என்று தெரிந்தது. போன் செய்தேன். முதல் கேள்வியே, “அஞ்சு ரூபா காசு எவ்வளவு இருக்கும்?” ஆறாயிரம் என்றேன். “பழைய தடி காசா, பித்தளையா?” என்றார். கேட்ட விதத்திலேயே காரியம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

போய்ப் பேசும்போது மூட்டையோடு போகாதீர்கள். ஒவ்வொரு மதிப்பிலும் ஒரு மாதிரிக் கவர், ஒரு பக்கத்தில் கணக்கு, அவ்வளவுதான். அவர்கள் பயப்படுவது எண்ணும் வேலைக்கு. நூறு நூறாகக் கட்டிய கவரைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

“சில்லறைக்கு எக்ஸ்ட்ரா” என்று ஒரு தொகை கேட்பார்கள். என்னிடம் 3,000 கேட்டார்கள். சீட் கவர், ஃபுளோர் மேட் எல்லாம் இலவசமாகத் தருவதாக இருந்தார்கள், அதை விட்டுக்கொடுத்துச் சமாளித்தேன். ஹெல்மெட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. நாள் பார்ப்பது

மாதக் கடைசி வாரம் ஷோரூமில் டார்கெட் ஓட்டம், உங்கள் முகத்தைக்கூட பார்க்க மாட்டார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் வேண்டவே வேண்டாம். சனி, ஞாயிறும் கூட்டம்.

சிறந்த மாதம் ஆடி. நம் ஊரில் ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை. சேல்ஸ் பையன்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், எண்ணக் கை கிடைக்கும், தள்ளுபடியும் கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்றால், பணத்தை ஆடியில் கட்டிவிட்டு வண்டியை ஆவணி பிறந்ததும் எடுங்கள். என் அம்மாவை அப்படித்தான் சம்மதிக்க வைத்தேன். ஆனால் ஒன்று: இடையில் கம்பெனி விலை ஏற்றினால் யார் தலையில் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் தேதியும் டெலிவரியை ஒட்டியே போடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வராத வண்டிக்கு இருபது நாள் இன்சூரன்ஸ் ஓட வேண்டியதில்லை.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கொட்டேஷன். வண்டி விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் தனித்தனியாக, தேதியும் சீலும் போட்டு. “ஆன்-ரோடு இவ்வளவு” என்ற ஒற்றை வரி போதாது.

சம்மதம். காசாக வாங்கிக்கொள்கிறோம், எந்தெந்த மதிப்பில், எந்த நாளில் என்று. லெட்டர்பேடில் தரத் தயங்கினால் மேனேஜர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தியாவது வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி 180 கிலோவை ஏற்றாதீர்கள். நாம் போகும் அன்று பார்த்து அந்த மேனேஜர் லீவில் இருப்பார்.

காசுக் கணக்குச் சீட்டு இரண்டு நகல். மதிப்பு, கவர் எண்ணிக்கை, தொகை. ஒன்றில் அவர்கள் கையெழுத்து போட்டு உங்களிடம் வர வேண்டும்.

வழக்கமான ஆதார், பான், போட்டோ, இன்சூரன்ஸுக்கு நாமினி விவரம். கடை வருமானம் என்றால் அந்தக் காசு உங்கள் விற்பனைக் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதுகிறவன், அதனால் கவலை இல்லாமல் போயிற்று.

முன்பணமாக 2,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். வண்டியின் மொத்த விலை 1,00,640. காசோடு வருகிறவன் விளையாட்டுக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிய அந்த இரண்டாயிரம் நன்றாக வேலை செய்தது.

8. ஏற்றி இறக்குவது

ஒரு சாக்கில் 25 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். சாக்கு கிழியாது, தூக்குகிறவர் இடுப்பு போகும். எட்டு அரிசிச் சாக்கு ஆனது. ஒவ்வொன்றிலும் ஒரே மதிப்பு, வெளியே மார்க்கரில் கவர் எண்ணிக்கை. லோடு ஆட்டோவில் போங்கள், காரின் டிக்கியில் போடாதீர்கள். எங்கே போகிறோம், என்ன இருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டோக்காரரிடம் நான் “போல்ட், நட்டு” என்றேன். ஏற்றும்போது அவர் ஒரு சாக்கைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காலை கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மதியம் போனால் இருட்டுவதற்குள் முடியாது.

9. எண்ணி முடியும் வரை நகராதீர்கள்

“வச்சுட்டுப் போங்க சார், எண்ணிட்டு போன் பண்றோம்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் போன் வரும், ஐந்நூறு குறைகிறது என்று. யார் சொல்வது சரி என்று அப்போது எப்படி நிரூபிப்பீர்கள்? எண்ணி முடியவில்லை என்றால் எண்ணாத சாக்கைக் கட்டி, முடிச்சின் மேல் டேப் ஒட்டி, இருவரும் கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்களுக்கு எண்ணியவர் அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா. பத்து ரூபாய், ஐந்து ரூபாய்க் கவர்களை எடை போட்டு, நடுநடுவே ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். இரண்டு ரூபாய்க்கு வந்தார். ஒரு கவரை மேஜையில் கொட்டி, உள்ளங்கையால் பரப்பினார். நடுவிலிருந்து ஒன்றை நகத்தால் தள்ளி, என் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி, இது என்ன காசு?”

“ரெண்டு ரூபாக்கா.”

“திருப்பிப் பாருங்க.”

திருப்பினேன். கதிர், பக்கத்தில் ஒன்று. பழைய ஒரு ரூபாய். அந்தக் கவரில் மட்டும் மூன்று இருந்தது. எடை மட்டும் அச்சு அசலாக 485.

அவ்வளவுதான், 110 கவரையும் பிரித்தார்கள். இரண்டு மணி நேரம். மொத்தம் 41 ஒரு ரூபாய் உள்ளே கலந்திருந்தது. 41 ரூபாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பணம் போனது பெரிதில்லை. அதுவரை கவரை நம்பியவர்கள் அதற்குப் பிறகு ஒரு ரூபாய்க் கவர்கள் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். காலை பத்தரைக்கு ஆரம்பித்தது மாலை நாலே முக்காலுக்கு முடிந்தது.

முடிந்ததும் அங்கேயே ரசீது வாங்குங்கள். ரொக்கம் என்று, முழுத் தொகையும் எண்ணிலும் எழுத்திலும், ரசீது எண்ணோடு. தற்காலிகச் சீட்டு, “நாளைக்கு பில் வரும்” எல்லாம் வேண்டாம். “எண்ணிக்கைக்கு உட்பட்டது” என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், அதுதான் எண்ணியாயிற்றே.

10. கைச்செலவு

கவர் 400-க்கு 240 ரூபாய். தராசு 350. சாக்கு எட்டு 80. லோடு ஆட்டோ 450. எண்ணியவர்களுக்கு டீயும் பஜ்ஜியும் 190. மொத்தம் 1,310. இதில் எங்கள் ஐந்து இரவுக்கும் கடை மூடியிருந்த நாட்களுக்கும் கூலி போடவில்லை, போட்டால் கசக்கும்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஐந்து ரூபாய்க் காசை ஷோரூம் வரைக்கும் கொண்டு போகாமல், முன்கூட்டியே டீக்கடை, பரோட்டாக் கடை, மருந்துக் கடை என்று ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து நோட்டாக மாற்றிவிடலாம், கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் விஷயத்தில் ஷோரூம் சம்மதித்ததே அந்த ஐந்து ரூபாய்க்காகத்தான். அதனால் முதலில் கடையைப் பிடியுங்கள், அவருக்கு எந்தக் காசு வேண்டும் என்று கேட்டுவிட்டு, மீதியை வெளியே மாற்றுங்கள்.

ஆவணி முதல் வாரம் வண்டி வந்தது. ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயரின் எழுத்து, என்ஜின் எண், சேஸி எண் மூன்றையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். எனக்கு முதலெழுத்து தவறாக வந்து, அதைத் திருத்த மறுபடி அலைந்தேன். அந்த அலைச்சலுக்கு வேண்டிய நகல்களை மட்டும் என் கடையிலேயே எடுத்துக்கொண்டேன்.